தங்கப்பொண்ணு அழாத இடம்

ஹரிராம் பென்சிலில்தான் திருத்துவார். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் அவர் நடத்தும் சின்னப் பதிப்பகத்துக்குக் கதை கொண்டுவருகிற எல்லாருக்கும் இது தெரியும். பிடிக்காத திருத்தத்தை எழுதியவரே ரப்பரால் அழித்துவிடலாம். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்தப் பெருந்தன்மையை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் உண்டு.

திருவாதவூர் சரண்யாதேவி தன் முதல் நாவலில் பாதித் திருத்தங்களை ஏற்றுக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஒன்றுவிடாமல் அழித்திருந்தாள். அது அவள் அம்மா தங்கப்பொண்ணுக்கு நடந்தது. கதிரறுப்பில் நெல்லைத் திருடினாள் என்று நிலக்காரர் மடியை உதறச் சொன்னார். உதறிக் காட்டினாள், அருவாளை வரப்பில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். மற்ற பெண்களும் அவள் பின்னாலேயே கரையேறிவிட்டார்கள். ஹரிராமோ அவளை நிலக்காரரின் காலில் விழுந்து அழ வைத்திருந்தார். அப்போதுதான் வாசகர்கள் மனம் இளகும் என்பது அவர் எண்ணம்.

அச்சுக்கு அனுப்பும் அன்று, அவளைக் கேட்காமலே, கம்ப்யூட்டரில் அந்த அழுகையைத் திரும்பவும் சேர்த்துவிட்டார். புத்தகமாகப் பார்த்தபின் சரண்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏண்ணே?"

"போகப் போக உனக்கே புரியும்மா," என்றார்.

புத்தகம் நன்றாகப் போனது. பாராட்டியவர்கள் எல்லாம் அந்த அழுகையைத்தான் பாராட்டினார்கள். முதலில் ஹரிராமுக்குப் பெருமையாக இருந்தது. போகப்போக, யாராவது அதைப் பாராட்டினால் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். மறுபதிப்பில் மாற்றிவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மறுபதிப்பும் வந்தது. ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

மேலூரில் சரண்யாவுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தங்கப்பொண்ணு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாவலை வாசித்துக் காட்டிய மகள் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கவில்லை. பேச வந்த பேராசிரியை தமிழ்வாணி சரியாக அதையே எடுத்தார். காலில் விழும் பக்கத்தை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தாய் இதோ நம்ம முன்னாலயே இருக்காங்க," என்று கைகாட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

தங்கப்பொண்ணு எழுந்து நின்றாள்.

"நான் எப்ப அழுதேன்? எவன் காலுல விழுந்தேன்? அன்னைக்கு எங்கூடக் கரையேறுன ஒச்சாயி இந்தா உக்காந்துருக்கா, கேட்டுப் பாருங்க!"

கைதட்டல் அப்படியே நின்றுவிட்டது. மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஹரிராம் பக்கம் சரண்யா திரும்பவே இல்லை. மைக்கை வாங்கினாள்.

"நாந்தாம்மா அப்பிடி எழுதிட்டேன். கதைக்காக."

ஹரிராம் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பேர் நாலு பேர் முன்னால் போய்விடுமே என்ற பயம். தன்னை நினைத்து அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் தங்கப்பொண்ணு நேராக அவரிடம் வந்து கும்பிட்டாள்.

"ஐயா, நீங்க பாக்காம ஒரு எழுத்துகூட வெளிய போகாதுன்னு எம்புள்ள சொல்லும். பெத்தவளப் பத்தி இம்புட்டுப் பெரிய பொய்ய எழுதிருக்கா. நீங்களாச்சும் கண்டிச்சிருக்கக் கூடாதா?"

அம்மாவுக்குப் பின்னால் சரண்யா வந்து நின்றாள். இப்போது அவரையேதான் பார்த்தாள்.

"கண்டிச்சு வைக்கிறேம்மா," என்றார் ஹரிராம்.