சகலையின் ஐநூறு கல்

சாம்பல் கல் அறுக்கும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறியவர், சட்டென்று வெடிப்பார், வெடித்த மறு நிமிடமே ஒன்றும் நடக்காத மாதிரி பீடியைத் தேடுவார். பதினொரு வருஷமாகக் களத்தில் தண்ணீர் விடுவது அவர் வேலை. மனுஷர் மோசமானவர் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு வயிறு எரியும். அந்த விஷயத்துக்கு இரண்டு கால் முளைத்து, அவர் கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டு, சகலை என்ற பெயரில் உலாவிக்கொண்டிருந்தது.

மாமனார் வீட்டில் சாய்வு வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு. கடுகு மாப்பிள்ளையாகப் போன முதல் நாலு வருஷம் அது அவருக்குத்தான். சின்ன மாப்பிள்ளை வந்த அன்று மாமியார் அந்த நாற்காலியைத் துடைத்து அவனுக்குப் போட்டுவிட்டு, "நீங்க நம்ம வீட்டு ஆளுதானே" என்று கடுகிடம் முக்காலியைத் தள்ளினார். அன்று பிடித்த எரிச்சல், பன்னிரண்டு வருஷமாகியும் அணையவில்லை. இத்தனைக்கும் சகலை ஒரு குற்றமும் செய்யாதவன். அதுதான் கடுகுக்குப் பெரிய கஷ்டம். திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுக்க வேண்டாமா? குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், போகிற இடமெல்லாம் நல்ல பெயர்.

அவனைப் பட்டறைக்குக் கூட்டி வந்ததும் கடுகேதான். "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா" என்று மனைவி பத்து நாள் நச்சரித்தாள். பதினோராவது நாள் அவரே முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டார்.

சாம்பல் கல்லுக்குச் சூளை கிடையாது. மின்சார நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் லாரியில் வந்து இறங்கும். அதோடு சுண்ணாம்பு, ஜிப்சம், கல்தூள் எல்லாம் போட்டு, அளவாகத் தண்ணீர் விட்டு, பெரிய சட்டியில் அரைத்து, இயந்திரத்தில் அழுத்தினால் கல் வந்துவிடும். ஆனால் அப்போது அது வெறும் வடிவம்தான், விரலால் அழுத்தினால் உதிரும். இரண்டு நாள் களத்திலேயே காயவிட்டு, அடுக்கி, சாக்கைப் போர்த்தி, மூன்று வாரம் தினமும் மூன்று வேளை தண்ணீர் விட வேண்டும். உறிஞ்சுகிற தண்ணீரில்தான் அந்தக் கல் இறுகும். தண்ணீர் குறைந்தால் வெளியே கல் மாதிரியே இருக்கும், உள்ளே மாவாக நிற்கும்.

இந்த நிலையில்தான் கலவை மேஸ்திரி தன் மகள் ஊருக்கே குடிபோகிறேன் என்று கிளம்பினார். கலவை மேஸ்திரி என்றால் சும்மா இல்லை. எந்தச் சரக்கு எவ்வளவு என்று அவர்தான் சொல்லுவார், அவர் தலையாட்டினால்தான் இயந்திரம் ஓடும். நிழலில் நிற்கலாம். கடுகின் கால்விரல் இடுக்குகள் பதினொரு வருஷமாக ஈரத்தில் ஊறிப் புண்ணாகியே கிடந்தன. அந்த இடம் தனக்குத்தான் என்று அவர் நம்பியிருந்தார். வீட்டிலும் சொல்லிவிட்டார்.

முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் கலவை தெரியும்னு சொல்றாங்க. ஆளுக்கு ஐநூறு கல்லு போடுங்க, அவங்கவங்க அளவுல. மூணு வாரம் கழிச்சு உடைச்சுப் பார்ப்போம். எது அதிக பாரம் தாங்குதோ அவர்தான் மேஸ்திரி."

"தண்ணி யாரும்மா விடுறது?" என்றார் கடுகு.

"நீங்கதான் விடணும். களம் உங்களோடதுதானே."

சகலை சிரித்தான். "அண்ணன் கையில இருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா."

அந்தச் சிரிப்பு கடுகுக்குச் சுருக்கென்று தைத்தது. நம்புகிறானாம். பெரிய மனுஷன்.

இரண்டு அடுக்கும் களத்தின் இரண்டு மூலையில் நின்றன. முதல் இரண்டு நாள் கடுகு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தண்ணீர் விட்டார். மூன்றாம் நாள் மதியம் தன் அடுக்கை நனைத்துவிட்டு அடுத்ததுக்குக் குழாயை இழுத்துப் போனபோது தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. சாக்கு மட்டும் நனைந்தது. சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். சாயந்திரம் தொட்டி நிறைந்துதான் இருந்தது. ஆனால் சாக்கு ஈரமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சகலையின் அடுக்குக்கு அவர் சாக்கை மட்டுமே நனைத்தார். ஒவ்வொரு தடவையும் மனசு உறுத்தியது, ஒவ்வொரு தடவையும் அந்தச் சாய்வு நாற்காலியை நினைத்துக்கொண்டார்.

சகலை ஒருநாள்கூட வந்து சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். கல்லை இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கும் இயந்திரம் அங்கேதான் இருந்தது. கடுகின் கல் இருபத்திரண்டு டன் வரை தாங்கி, டப்பென்று பிளந்தது. சகலையின் கல் பதினாலிலேயே உதிர்ந்தது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு கல் வைத்தார்கள். அதுவும் அதே கதைதான்.

சகலை கீழே விழுந்த துண்டை எடுத்து, உடைந்த பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கைதாண்ணே கை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடுகு மேஸ்திரியானார். சகலை களத்துக்குப் போனான்.

மேஸ்திரியான சந்தோஷம் சரியாக ஒன்றரை நாள் இருந்தது. அதற்குப் பிறகு கடுகுக்கு நிழலில் நிற்க முடியவில்லை. தான் செய்ததை அவனும் செய்தால்? இப்போது தன் கல்லுக்குத் தண்ணீர் விடுவது அவன் அல்லவா? வேளைக்கு ஒரு சாக்குச் சொல்லிக் களத்துக்குப் போய், சாக்கைத் தூக்கி, அடுக்குக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்ப்பார். ஈரம். நடுவில் உருவிப் பார்ப்பார். ஈரம். அடி வரிசையில் விரலை நுழைத்தால் அங்கேயும் ஈரம். ஒரே ஒரு காய்ந்த கல் கிடைத்தால் போதும், அன்று நிம்மதியாகச் சாப்பிடுவார். சரிக்குச் சரியாகிவிடும், கணக்கு தீர்ந்துவிடும். பாவி, ஒரு கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதைவிட மோசம், மூலையில் ஒதுக்கிப் போட்ட அந்த ஐநூறு கல்லுக்கும் அவன் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்குத் தம்பி அதுக்குப் போய் தண்ணி? வீண்தானே?"

"இருக்கட்டும்ணே. ஆரம்பிச்சதை ஏன் பாதியில விடணும்" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் போயிற்று. பட்டறைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், அந்த ஒதுக்கின கல்லையே போட்டுவிடலாமா என்று முதலாளியம்மாவுக்கு யோசனை வந்தது. எதற்கும் ஒன்றை உடைத்துப் பார்ப்போம் என்றார். இயந்திரத்தில் வைத்தார்கள். முள் பதினாலைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது. இருபத்தேழில்தான் கல் உடைந்தது.

அந்தப் பட்டறையில் அதுவரை எந்தக் கல்லும் இருபத்தேழைத் தொட்டதில்லை.

"இது அன்னைக்குப் பதினாலுல உடைஞ்ச அதே கல்லுதானே? எப்படி?" என்று முதலாளியம்மா சகலையைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று கடுகு நினைத்தார். சகலைக்குத் தெரியும். அன்று துண்டைக் கீறிப் பார்த்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது சொல்லப்போகிறான்.

சகலை சொன்னான்: "சாம்பக்கல்லு மெதுவாத்தாம்மா இறுகும். அந்த மூணு வாரமும் வெயில் ஜாஸ்தி. அந்த மூலையில நிழலும் இல்ல. அதான் பிந்திப்போச்சு."

முதலாளியம்மா தலையாட்டினார். கதை அங்கேயே முடிந்திருக்கும். மேஸ்திரி வேலையும் கடுகிடமே இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

சகலை அதைச் சொல்லும்போது கடுகைத் திரும்பிப் பார்த்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு பார்வை, ஒரு முறைப்பு, உன்னை எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஏதாவது. அவன் பார்க்கவே இல்லை. காப்பாற்றிவிட்டு, காப்பாற்றினேன் என்றுகூடக் காட்டிக்கொள்ளாமல் நின்றான். கடுகுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாற்காலி அவனுக்கு, நல்ல பெயர் அவனுக்கு, இருபத்தேழும் அவனுக்கு. கடைசியில் இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கேவா? இதையாவது விடக் கூடாது.

"வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கடுகு வெடித்தார். "நான்தாம்மா தண்ணி விடல. சாக்கை மட்டும் நனைச்சுட்டுப் போயிட்டேன். மூணு வாரமும்."

சகலை கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன்?" என்றார் முதலாளியம்மா.

"ஏன்னா... பொறாமைதான். வேற என்ன."

முதலாளியம்மா உடைந்த கல்லை இயந்திரத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "வேற யாராவது சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா வெளியில அனுப்பியிருப்பேன். நீங்களே சொன்னதால விடுறேன். நாளையில இருந்து கலவையை அவர் பார்க்கட்டும். நீங்க களத்துக்கே போயிருங்க."

சாயந்திரம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தட்டை வைத்தாள். தங்கச்சி போன் பண்ணிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கடுகு தலை நிமிராமல் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"உங்களுக்காகப் பொய் சொன்னாராமே அவரு" என்றாள். "எவ்வளவு பெரிய மனசு."

அவன் பொய் சொன்னது ஊருக்குத் தெரிந்ததே கடுகு உண்மையைச் சொன்னதால்தான். அவனிடமிருந்து எதைப் பிடுங்க வாயைத் திறந்தாரோ, அதை அவரே அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மேஸ்திரி வேலையும் போனது, கூடவே இதுவும்.

"என்னைப் பத்தி என்ன சொன்னானாம்? நல்லா சிரிச்சிருப்பான்."

"சிரிக்கல. வந்ததுல இருந்து சாப்பிடாம உட்கார்ந்திருக்காராம்." அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். "அத்தனை பேரு முன்னாடி தப்பை ஒத்துக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காதுன்னு சொன்னாராம். அண்ணனைப் பார்த்தா பொறாமையா இருக்குன்னாராம்."

"என்னது?"

"பொறாமையா இருக்குன்னு."

"இன்னொரு தடவை சொல்லு."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். கடுகு கையைக் கழுவாமலே எழுந்து வாசலுக்குப் போனார். சகலை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் நல்லவன் என்பதால் சொல்லவில்லை, உன்னை நல்லவனாக இருக்கவிடக் கூடாது என்றுதான் சொன்னேன், புரிந்துகொள் என்று சொல்லிவிட வேண்டும். தெருமுனை வரை போனார். அங்கே நின்றார். அவனை அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் அதற்கும் ஏதாவது நல்லதாக ஒன்று சொல்லித் தொலைப்பான்.

தவிர, பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இந்த ஒரு நாள்தான். அதற்கு அவருக்குத் துளி அருகதையும் இல்லை, அதுவும் தெரியும். இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோறு ஆறிப்போயிருந்தது.

"எங்க போனீங்க?"

"எங்கயும் இல்ல" என்றார் கடுகு. "நாளைக்குச் சீக்கிரம் எழுப்பி விடு. அவன் கல்லு களத்துக்கு வரும்."