ஓட்டுநர் இருக்கையில் ரசஞ்சாதம்

கதை எழுதிப் பழகாத கை இது. வெயிலுக்குக் குறைவில்லாத காஞ்சிபுரத்தில் கார் இருக்கைக்குச் சூடேற்றிக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். பிழை காணின் அது எழுதியவருடையது. தர்மசந்திரன் மீது குற்றமில்லை.

செவிலிமேட்டில் குடியிருக்கும் தர்மசந்திரன் வேர்க்கடலை வியாபாரி, வயது ஐம்பத்தெட்டு. பதினோரு ஆண்டுகளாக அவருடைய காரின் ஓட்டுநர் இருக்கையில் அவரைத் தவிர வேறு எவரும் அமர்ந்ததில்லை. சாவி கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஆடி மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் ஓட்டினால் முதுகு பலகையாகிவிடும். சூடு காட்டினால் இளகும் என்றார் மருத்துவர்.

மகள் மோனிஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசியில், ஒன்பதாம் மாதத்து வளைகாப்பு முடிந்ததும், உத்திரமேரூருக்கு அப்பாலுள்ள புகுந்த வீட்டிலிருந்து அவளை அழைத்துவர வேண்டும்.

"நீங்க ஏன் மாமா கஷ்டப்பட்டுக்கினு? நான் ஓட்டறேன்" என்றான் ஜெயக்குமார். அவன் தர்மசந்திரனின் மனைவி கனகமாலாவுக்குத் தம்பி.

"போறதும் நான், வர்றதும் நான். நடுவுல உங்கிட்ட ஸ்டியரிங்க குடுத்தேன்னா என் மீசைய எடுத்துடறேன்."

"நீங்களே ஓட்டி முடிச்சுட்டா என்னுத எடுத்துடறேன். அக்கா, நீதான் சாட்சி."

"யாரு எடுத்தாலும் மூஞ்சிய நான்தான பாத்துக்கினு இருக்கணும்" என்று கனகமாலா அடுக்களைக்குள் போய்விட்டார்.

மறுநாளே தர்மசந்திரன், ஓரிக்கையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் சத்யராஜிடம் போய் நின்றார்.

"சார், இந்த ஊர்ல சீட்ட ஜில்லுனு ஆக்கறதுக்குத்தான் வருவாங்க. அடுப்பு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றான் சத்யராஜ். "ஊட்டிக்காரர் ஒருத்தர் சொல்லிவெச்சுட்டு வாங்காம போன செட்டு ஒண்ணு கெடக்குது. ஒரு சீட்டுக்குத்தான் வரும்."

இருக்கையின் உறையை உரித்து, உள்ளே கம்பிகள் ஓடும் மெல்லிய விரிப்பை அடியிலும் சாய்மானத்திலும் பரப்பி, ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து, கைபிரேக் அருகே ஒரு ஸ்விட்சைப் பதித்தான்.

"கால் மணி நேரத்துல தோச வாக்கலாம் சார். தண்ணி மட்டும் படக்கூடாது, சொல்லிட்டேன்."

வளைகாப்பன்று போகிற பயணம் அமோகமாக அமைந்தது. முதுகில் இதமான சூடு ஏற ஏற, தர்மசந்திரன் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். பக்கத்தில் இருந்த ஜெயக்குமார் இரண்டு முறை தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

திரும்புகையில்தான் வினை வந்தது. மாகறல் தாண்டியதும், வயல்களுக்கு நடுவே ஒரு வைக்கோல் லாரி சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டிகள் நின்றுவிட்டன. மணி ஐந்து ஐந்து.

அவர்கள் சமணர்கள். மோனிஷா, மழைக்காலம் நான்கு மாதமும் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று விரதம் எடுத்திருந்தாள். முடிய மூன்று நாள்தான் பாக்கி. அன்று சூரியன் மறைவது ஐந்தே முக்காலுக்கு. அதற்குள் வீடு சேர்ந்து, மகளை வரவேற்க அங்கேயே தங்கிவிட்ட கனகமாலா சமைத்துவைத்திருப்பதைச் சூடாகச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு. மாமியார் வழிக்கென்று ஒரு எவர்சில்வர் டப்பாவில் ரசஞ்சாதம் கொடுத்திருந்தார். ஆனால் அது ஆறிப்போயிருந்தது. மோனிஷா ஒரு வாய் உண்டாள்; உடனே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கருவுற்ற நாளாக அவள் வயிறு ஆறிய சோற்றை ஏற்பதேயில்லை.

"வேணாம்பா. காலைல சாப்ட்டுக்கறேன்." நண்பகலுக்குப் பிறகு அவள் ஒன்றும் உண்டிருக்கவில்லை, முகம் வெளுத்திருந்தது.

"புள்ளத்தாச்சிக்கு விலக்கு உண்டுன்னு பெரியவங்களே சொல்றாங்களேமா" என்றான் ஜெயக்குமார்.

"மூணு நாளுக்காக விட்டுட்டா, இத்தினி நாளு இருந்தது என்னாத்துக்கு மாமா?"

தர்மசந்திரனின் முதுகுக்குப் பின்னால் விரிப்பு கணகணவென்றிருந்தது. இங்கிருந்து எழுந்தால் என்ன ஆகும் என்பதை அவர் நன்றாக அறிவார். வெளியே தூறல், குளிர்காற்று. பிறகு, "அந்த டப்பாவ இப்படிக் குடு" என்றார்.

இருக்கையை விட்டு இறங்கி, டப்பாவை அதன்மேல் வைத்து, தம் துண்டை நான்காக மடித்துப் போர்த்தினார். ஸ்விட்சை உச்சச் சூட்டுக்குத் தள்ளினார்.

"தோச வாக்கலாம்னு சொன்னான். பாக்கலாம்."

சாலையோரத்தில் குடை பிடித்து நின்றார். ஐந்து நிமிடத்தில் இடுப்பு இறுகிற்று. பத்து நிமிடத்தில் கல்லாயிற்று. ஐந்து இருபத்தெட்டுக்கு ஜெயக்குமார் துண்டை விலக்கி டப்பாவைத் தொட்டுப் பார்த்தான்.

"மாமா, சுடுது."

மோனிஷா பயந்துகொண்டே ஒரு கவளம் எடுத்தாள். விழுங்கினாள். மூவரும் காத்திருந்தனர். இன்னொரு கவளம் எடுத்தாள்.

"வெதவெதன்னு நல்லா இருக்குதுபா. கொஞ்சம் ஊறுகா இருந்தா..."

"அத எந்த சீட்டுல போடறது?" என்றார் தர்மசந்திரன்.

சாதம் தீர்ந்தும் டப்பாவின் அடியில் ரசம் மிஞ்சியிருந்தது. அது ஆறிவிடாதிருக்க ஜெயக்குமார் டப்பாவை மீண்டும் இருக்கையில் வைத்தான். அந்நேரம் பார்த்து ஒரு டிராக்டர் லாரியை இழுத்து ஒதுக்க, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பதறிய ஜெயக்குமார் டப்பாவைத் தூக்கினான். மூடி அவன் கையோடு வந்தது, டப்பா கவிழ்ந்தது. மிளகு வாசமும் ஒயர் கருகும் வாசமும் ஒன்றாக எழுந்தன. ஸ்விட்சின் சிவப்பு விளக்கு அணைந்தது.

தர்மசந்திரன் வலக்காலை உள்ளே வைத்தார். இடுப்பு மடங்கவில்லை. மறுபடியும் முயன்றார். பின்னால் ஒரு பேருந்து விடாமல் அலறியது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கன்னத்தில் நிறம் வந்திருந்தது, விரலில் ஒட்டிய பருக்கையைத் தின்றுகொண்டிருந்தாள். மணி ஐந்து முப்பத்தெட்டு.

"சாவி அதுலயே இருக்குது" என்றார் ஜெயக்குமாரிடம். "கிளட்ச் கொஞ்சம் மேலதான் புடிக்கும். பாத்து."

துண்டை ஈரத்தின்மேல் விரித்து ஜெயக்குமார் அமர்ந்தான். தர்மசந்திரனைப் பக்கத்து இருக்கையில், முற்றிலும் சாய்த்து, பீரோவை ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். பந்தயத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஓரிக்கை வந்ததும் கார் மெல்ல வேகம் குறைந்தது.

"மாமா, சலூன் தெறந்துதான் இருக்குது. நிறுத்தட்டுமா?"

அன்று இழந்தவை: சூடேற்றும் விரிப்பு ஒன்று, ஃபியூஸ் ஒன்று, துண்டு ஒன்று, ரசம் இரண்டு கரண்டி, முப்பத்தாறு ஆண்டுகள் வளர்ந்த மீசை ஒன்று.