எல்லாரும் என்றால் டீச்சரும்

சிங்காநல்லூர் மில் குடியிருப்பை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ராமாமணி மூன்றாம் வகுப்பு டீச்சர். 1997இல் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு வகுப்பில் புதிய வழக்கம் ஒன்றைத் தொடங்கினார். காலை வணக்கம் முடிந்ததும் பத்து நிமிடம் வாசிப்பு. கயிற்றில் தொங்கும் கதைப் புத்தகங்களில் பிடித்ததை எடுத்துப் படிக்கலாம். அடுத்த பதினைந்து நிமிடம் எழுத்து. மனதில் பட்டதை எழுதலாம்.

முதல் நாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் கயிறு அறுந்தது. அந்த வாரம் முழுக்க ஒத்திகைதான். வரிசையாகப் போவது, புத்தகத்தை எடுப்பது, சத்தமில்லாமல் வந்து உட்காருவது, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவது. எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் வரதராஜுலு, "ஏனுங்க டீச்சர், கண்ணாலத்துல பந்தி பரிமாறப் பழக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் சுவரில் விதிகள் ஏறின. எழுதும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. எல்லாரும் எழுத வேண்டும். மெல்ல வகுப்பு அடங்கியது. அந்த அமைதியில் டீச்சர் வருகைப் பதிவேட்டை முடித்தார். மேசைக்கு அடியில் அவர் பின்னிக்கொண்டிருந்த ஒயர் கூடையும் நான்கு விரற்கடை வளர்ந்தது.

ஒருநாள் சித்திகா கையைத் தூக்கினாள். "டீச்சர், எல்லாரும்னா நீங்களுமுங்களா?"

பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ராமாமணி கூடையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு ஒரு நோட்டை எடுத்தார்.

தேதி எழுதினார். அதற்குக் கீழே கோடு போட்டார். பென்சிலைச் சீவினார். தண்ணீர் குடிக்க எழுந்தபோது முப்பத்தெட்டு விரல்கள் சுவரைக் காட்டின. இரண்டு நாள் இப்படியே போனது.

சித்திகாவுக்குப் பாவமாக இருந்தது. "ஊட்டுல நடந்ததை எழுதுங்க டீச்சர். நீங்கதானுங்க எங்களுக்குச் சொன்னீங்க."

மூன்றாம் நாள் எழுதினார். பயிற்சியின் கடைசி நாளன்று அவருடைய கணவர் லட்சுமணசாமி உப்புமா கிண்டி, போசிப் பாத்திரத்தோடு கருக்கிவிட்டு, அந்தப் போசியைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த கதை. வாசித்துக் காட்டியபோது வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. ராமாமணிக்குக் காது சிவந்தாலும் உள்ளுக்குள் இனித்தது.

அடுத்த வாரம் எழுதும் நேரத்தில், டீச்சர் மறந்துவிட்டு வந்த கண்ணாடியோடு லட்சுமணசாமியே வாசலில் வந்து நின்றார். அந்த வாரம் அவருக்கு மில்லில் இரண்டாவது ஷிப்ட்; காலையில் வீட்டில்தான். "ராமா..." என்று வாயைத் திறந்ததுமே, வாசலோரம் இருந்த லோகப்பிரியா உதட்டில் விரல் வைத்து, பெஞ்சில் இடம் விட்டாள். அவரும் பயந்துபோய் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடம் பிள்ளைகள் அவரைப் பார்ப்பதும் வாயைப் பொத்திக்கொள்வதுமாக இருந்தார்கள்.

நேரம் முடிந்ததும் சித்திகா கேட்டாள். "சார், போசி வெளுத்துருச்சுங்களா?"

லட்சுமணசாமி மனைவியைப் பார்த்தார். ராமாமணி கரும்பலகையைப் பார்த்தார்.

"ஓ, அதைச் சொல்லிப்போட்டாங்களா? நான் எதுக்கு அடுப்புப் பத்தவெச்சேன்னு சொன்னாங்களா, கண்ணு?"

"இல்லீங்க சார்!"

"உங்க டீச்சர் ட்ரெய்னிங் முடிஞ்சு வாரப்ப பஸ்ஸுல தூங்கிப்போட்டாங்க. சிங்காநல்லூர்ல எறங்கோணும். கண்ணு முழிச்சது காங்கேயத்துல! அவங்க திரும்பி வர்றதுக்குள்ள எனக்குப் பசி தாங்குலீங்க."

தலைமையாசிரியர் ஓடிவந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் எழுந்தது.

அதுவரை தினமும் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டிருந்த லோகப்பிரியா மறுநாள் தலை நிமிராமல் எழுதினாள். நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. எல்லாம் காங்கேயம் பஸ்ஸைப் பற்றி. எட்டிப் படித்த ராமாமணி, தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும் இன்னும் ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுத்தார்.

இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. "டீச்சர், உங்களை எழுப்புன கண்டக்டர் என்னங்க சொன்னாரு?"

ராமாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "'அம்மணி, இதுக்கு மேல பஸ் போகாதுங்க'ன்னாரு. எழுதிக்க" என்றார்.