திரையில் இல்லாத படகு

திரை மறுபடியும் கறுத்தது.

"போச்சு, டூருன்! திரும்பவும் செத்துடுச்சு!" படகுகளுக்கு வழி சொல்லும் ஸ்வெர்ரே அலறினான். "வெளியில ஒரே பனிமூட்டம். நான் எதைப் பார்த்து வழி சொல்ல?"

ஈஸ்டர் விடுமுறை. அலுவலகமே மலைக் குடிசைகளுக்குப் போய்விட்டது. மிஞ்சியிருந்தது இவர்கள் இருவரும், நிரல் எழுதும் டூருனின் மேசையில் உரிக்காத ஓர் ஆரஞ்சும்.

மலைகளுக்கு நடுவே நீளும் ஒடுங்கிய கடல் கழியான ஃபியோர்டுக்குள் ஆம்புலன்ஸ் படகு வந்துகொண்டிருந்தது. அதில் மாரடைப்பு வந்த ஒரு மீனவர். அது திரையின் எல்லைக்குள் நுழையும்போதெல்லாம் படகுகளைக் காட்டும் நிரல் கவிழ்ந்தது.

காரணத்தை டூருன் பிடித்துவிட்டாள். நிரலில் எல்லாப் படகுகளையும் அடக்கும் 'படகு' என்று ஒரு பொது வகுப்பு. அதன் கீழே 'மின்படகு' என்ற பிள்ளை வகுப்பு. வருகிற எந்தப் படகையும் விசாரிக்காமல் மின்படகாக மாற்றி, பேட்டரி அளவைக் கேட்டது ஒரு வரி. ஆம்புலன்ஸோ டீசல் படகு. இல்லாத பேட்டரியை எங்கே போய்த் தேடும்?

"எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்றான் ஸ்வெர்ரே.

"நம்ம ஆபீஸ் ஹால்வர்தான். இந்த ஃபியோர்டுல மின்படகு மட்டும்தானே ஓடுதுன்னு எழுதிட்டான்."

"போன் போடு!"

"குடிசைக்குப் போனா அணைச்சு வெச்சிடுவான்."

டூருனின் விரல்கள் பறந்தன. முதலில் 'நீ மின்படகா?' என்று கேள். ஆமாம் என்றால் மட்டும் மாற்று. ஓடவிட்டாள். திரை உயிர்த்தது.

"நீ நல்லா இருப்பே!" ஸ்வெர்ரே மைக்கைப் பிடுங்கி, துறையில் காத்திருந்த மின்படகைக் கூப்பிட்டான். "ஸ்டோர்ஹைம், கிளம்பலாம். வழி காலி."

டூருன் திரையைப் பார்த்தாள். மின்படகுகள் மட்டுமே பச்சைப் புள்ளிகளாய் நின்றன. ஆம்புலன்ஸ் எங்கே?

திரையில் புள்ளி வைக்கும் வரியும் 'ஆமாம்' பக்கத்திலேயே மாட்டியிருந்தது. 'இல்லை' என்ற படகை நிரல் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போயிருந்தது.

"நிறுத்து! ஸ்டோர்ஹைமை நிறுத்து!"

"திரையில ஒண்ணுமே இல்லையே?"

"கடல்ல இருக்குய்யா! நான்தான் காணாம அடிச்சிட்டேன்!"

"ஸ்டோர்ஹைம், நில்லு! பின்னாடி இழு! எதிர்ல ஆம்புலன்ஸ்!"

வானொலியில் இரைச்சல்.

டூருன் விட்டுப்போன வரியை அடித்தாள்: மின்படகு இல்லையென்றால், வெறும் படகாகவே காட்டு. அவசரத்தில் இருமுறை எழுத்து தப்பாக விழுந்தது. மூன்றாவது முறை ஓடியது.

ஸ்டோர்ஹைமின் மூக்கருகே ஒரு சாம்பல் புள்ளி முளைத்தது.

"நின்னுட்டோம்," என்றது வானொலி. "இப்பதான் முன்னாடி உரசுற மாதிரி போனான். ஏன்யா, உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

சாம்பல் புள்ளி துறையைத் தொட்டது. சற்றுப் பொறுத்து ஆம்புலன்ஸிலிருந்து இன்னொரு குரல்: "ஆளுக்கு மூச்சு இருக்கு."

ஸ்வெர்ரே ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினான். வாங்க டூருனுக்குக் கை எழவில்லை.