கட்டுப்படியாகும் ஒரு ஜூம் லென்ஸ்

"இந்த லென்ஸ் உங்களுக்கு ஆகாது மேடம்" என்றார் கடைக்காரர். இதைச் சொன்ன மூன்றாவது கடைக்காரர் அவர்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்த கையோடு, தம்பி ஆசை தீர்ந்து கொடுத்த பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் எதிரே நிற்பவரை நன்றாக எடுக்கலாம். அவளுக்கு வேண்டியதோ நீச்சல் குளத்தின் மறுகோடி.

மகள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துபவள். அந்த நீச்சலில் சுவரைத் தொடும்போது இரண்டு கையும் ஒன்றாகப் பட வேண்டும். போன போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்தும், இடது கை பிந்திவிட்டது என்று நடுவர் கையைத் தூக்கி அவளைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார். அதற்கு முந்தைய போட்டியிலும் இதே கதைதான்.

"ரெண்டு கையும் ஒண்ணாத்தாம்மா தொட்டேன். அவருக்கு என்மேல என்ன கோபமோ" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி எழுந்து போனாள் மகள். அன்றிலிருந்து வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. பார்வையாளர் மாடியிலிருந்து போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் நுரை.

"ஏன் ஆகாது?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"உங்க கேமரா பாடிக்குள்ள மோட்டார் இல்ல. இந்த லென்ஸ்லயும் இல்ல. ஃபோகஸ் நீங்கதான் கையால திருப்பணும். திருப்பி முடிக்கிறதுக்குள்ள உங்க பொண்ணு தலை துவட்டிட்டு வீட்டுக்குப் போயிடும்."

"சரி, மோட்டார் இருக்கறதைக் குடுங்க."

அவர் ஒன்றை எடுத்து வைத்தார். தண்ணீர் நிறைந்த செம்பின் கனத்தில் இருந்தது. உள்ளரங்கின் மங்கல் வெளிச்சத்துக்கு இதுதான் சரி என்றார். விலையைக் கேட்டவள், அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை இறக்கி விடுவதுபோல அதை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

"கம்மியில?"

பழைய லென்ஸ் ஒன்று வந்தது. விலை கட்டுப்படியாகும்போல இருந்தது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஓரமாக மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை விட்டிருந்தன.

"இது பூஞ்சை."

"லேசாத்தான் மேடம். படத்துல தெரியாது."

நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவளிடம் இதைச் சொல்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல் மண்டியது. வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டாள். அவன் துளை அளவு, அதிர்வு தடுப்பு என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "பேசாம கேமராவையே மாத்திடேன்க்கா" என்றான். அவள் போனை வைத்தாள். வீட்டில் கணவர், "எதுக்கு இவ்வளவு அலைச்சல்? அந்த நடுவர்கிட்டயே நேர்ல கேட்டுடலாமே" என்றார். இதுவரை அவர் யாரிடமும் எதையும் நேரில் கேட்டதில்லை.

கடைசியில், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவர் ஒதுக்கி வைத்திருந்த லென்ஸ் கிடைத்தது. மோட்டார் இருந்தது, அதிர்வு தடுப்பும் இருந்தது, கண்ணாடி சுத்தம். "வெளிச்சத்துல பிரமாதமா எடுக்கும்" என்றார். வெளிச்சம் இல்லாத இடத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள்.

முதல் நாள் மகளின் பயிற்சிக்கு அதை எடுத்துப் போனாள். குளத்தின் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. லென்ஸ் முழுக்கப் புகைபோல ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. அது தெளிவதற்குள் பயிற்சி முடிந்துவிட்டது.

அடுத்த முறை முன்கூட்டியே போய்க் காத்திருந்தாள். இந்தத் தடவை படத்தில் சுவர் தெளிவாக விழுந்தது, சுவரில் ஒட்டியிருந்த எண்கூடத் தெளிவு. மகள் மட்டும் கரைந்த சாயம்போல இருந்தாள்.

"அதிர்வு தடுப்பு உன் கை ஆடுறதைத்தான் தடுக்கும்க்கா. நீந்தறவளை எப்படித் தடுக்கும்?" என்றான் தம்பி.

"இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே."

சொல்லியிருப்பான். அரை மணி நேரத்தில் எந்த மூலையில் சொன்னானோ.

அவனே சொன்னபடி, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ-வை உச்சத்தில் வைத்தாள். படம் மணலை வாரி இறைத்ததுபோல் இருக்கும், ஆனால் அசைவு நிற்கும் என்றான். மாடிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, மகள் சுவரை நெருங்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பின்பு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் விரல் நின்றது.

வலது கை சுவரில் பட்டிருந்தது. இடது கை இன்னும் தண்ணீருக்குள். அடுத்த சுற்றிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும்.

படங்களை அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் மகள் ஈரத் தலையோடு மாடியேறி வந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதை எடுக்கத்தான் ஊரெல்லாம் சுத்தினியாம்மா?"

அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"நான் பொய் சொல்லலம்மா. எனக்கு ஒண்ணாத் தொட்ட மாதிரிதான் இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "எடது தோள் வலிக்குது. ரொம்ப நாளா. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

அம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மகள்மேல், பயிற்சியாளர்மேல், நடுவரைத் திட்டிக்கொண்டே லென்ஸ் தேடி அலைந்த தன்மேல். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்தத் தோளைக் கவனிக்கவில்லையே. திட்ட வாயெடுத்தவள், மகள் இடது கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் தோளை அசைத்துப் பார்த்த டாக்டர் தசைநாரில் வீக்கம் என்றார். தண்ணீரில் இறங்கக் கூடாது.

"அடுத்த போட்டிக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"ஆகாதும்மா. அதுக்கடுத்ததைப் பாக்கலாம்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். பையைத் தோளில் மாட்டியிருந்த மகள் கண்ணைத் துடைத்ததை அம்மா பார்க்காததுபோல நடந்தாள்.

"பையைக் குடு."

"நானே வச்சுக்கறேன்."

"குடுடி."

மகள் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.