ஒரு பூட்டுக்கு ஒரே சாவி

பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரு மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அந்த வழியாகத்தான் அது பிறந்தது. அரிசிக் குருணை போன்ற பிளாஸ்டிக், புனலில் இருந்து சூடான உருளைக்குள் இறங்கி, உள்ளே சுழலும் திருகில் பிசைபட்டு, பாகாகி, ஊசித் துளை ஒன்றின் வழியாக அச்சுக்குள் பாய்கிறது. அச்சு இரண்டு பாதி. ஒன்று நின்ற இடத்தில் நிற்கும், மற்றது நகர்ந்து வந்து மூடும். பாகு பாய்கிற வேகம் அந்த இரண்டையும் பிரிக்கப் பார்க்கும். பிரியவிடாமல் பிடிப்பது, நகரும் பாதியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கைகள். குத்தவைத்து உட்கார்ந்தவர் எழும்போது முழங்கால் நிமிருமே, அப்படி நிமிரும். நிமிர்ந்துவிட்டால் அவற்றின் பிடி டன் கணக்கில். மடங்கிக் கிடக்கும்போது பார்த்தால் பரம சாது.

அந்த இரும்பு முழங்கால்களுக்கு நடுவில்தான் அன்று மத்தியானம் நாத்தனார் குனிந்து நின்றாள்.

அவளை அப்படிச் சொல்லும் உரிமை உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு, அவளுடைய அண்ணன் மனைவிக்கு. ஆனால் இருவரும் ஒரே வீட்டில் இருந்து கிளம்பி, ஒரே பட்டறையில், ஒரே இயந்திரத்தில் வேலை செய்ததால் எல்லோருக்கும் ஒருத்தி அண்ணியாகவும் மற்றவள் நாத்தனாராகவும் ஆகிவிட்டார்கள். அண்ணி செட்டர்: அச்சை மாட்டுவது, சூடும் அழுத்தமும் வைப்பது, இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் அவள் வேலை. நாத்தனார் ஆபரேட்டர்: கதவைத் திறந்து, மூடிகளை எடுத்து, கதவைச் சாத்தி, அடுத்ததுக்குக் காத்திருப்பாள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டால் அன்று மூடி நன்றாக வரும் என்று பேக்கிங்கில் இருந்த பெண்கள் சொல்வார்கள். பேச்சு இல்லாமல் வேலை நடக்குமாம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் கண்டிப்பாக இருந்தது. இயந்திரத்துக்குள் உடம்பை நுழைக்கிற யாரும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஆளுக்கு ஒரு நிறம், ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. சாவி உள்ளே போகிறவரின் சட்டைப் பையில் அவரோடு உள்ளே போக வேண்டும். அதில் ஒரு அழகு இருக்கிறது. கத்திச் சொல்ல வேண்டாம், ஆள் நிறுத்திக் காவல் வைக்க வேண்டாம். உள்ளே இருப்பவர் தன் கையாலேயே வெளியே வந்து திறக்காதவரை மின்சாரம் வராது. பூட்டுத் தொங்கினால் ஆள் உள்ளே. அவ்வளவுதான் அதன் மொழி.

நாத்தனாரின் மஞ்சள் பூட்டு மட்டும் அந்த மொழியைக் கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசியது. அவள் மறதிக்காரி. வெளியே வந்து, கை கழுவி, சாப்பிடவும் போய்விடுவாள். பூட்டு அப்படியே தொங்கும். ஒரு தடவை பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டாள். ஆள் அனுப்பிக் கூட்டிவரும்வரை இயந்திரம் நின்றது, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியது அண்ணி. அந்த வாரமே இருவரும் கடைத்தெருவில் சாவி செய்கிறவரிடம் போய் ஆளுக்கொரு நகல் போட்டு மாற்றிக்கொண்டார்கள். வீட்டுச் சாவி இருவரிடமும் இருக்கிறது, பீரோ சாவி இருவரிடமும் இருக்கிறது, இது மட்டும் என்ன என்பது நாத்தனாரின் வாதம். அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே குடும்பம்தானே என்று அவளும் நினைத்தாள். பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு மூடிகள் அச்சில் இருந்து தெறித்துப் பின்பக்கம் போய், அந்த இரும்புக் கைகளின் மூட்டில் மாட்டிக்கொண்டன. அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். நாத்தனார் முறைப்படியே செய்தாள். சுவிட்சை இறக்கினாள், மஞ்சள் பூட்டைப் போட்டாள், சாவியைப் பையில் போட்டாள், பின்கதவை நகர்த்திவிட்டு உள்ளே குனிந்தாள். ஒரு மூடி உடனே வந்தது. மற்றது கிரீஸில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அண்ணி திரும்பி வந்தபோது இயந்திரத்தின் முன்னால் யாரும் இல்லை. மஞ்சள் பூட்டு தொங்கியது. சாப்பாட்டு நேரம் வேறு. வழக்கம்போல விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவள் முனகியது பக்கத்து இயந்திரத்துக்காரருக்குக் கேட்டது, அவர் சிரிக்கவும் சிரித்தார். நகல் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். சுவிட்சை ஏற்றினாள். திரையில் வெளிச்சம் வந்து, கூடவே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: பின்கதவு திறந்திருக்கிறது.

இங்கே இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை மோட்டார் கிளம்பாது, அச்சு நகராது. கதவோடு இணைந்த ஒரு சுவிட்சு அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த சுவிட்சுக்கு நாத்தனாரைத் தெரியாது, அவளுடைய மறதியும் தெரியாது. கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அண்ணிக்கு எல்லாம் தெரியும். அதனால் அவள் அந்த வரியைப் படித்து, நாத்தனார் பூட்டையும் எடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை என்று புரிந்துகொண்டாள்.

பின்பக்கம் சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் குறுகலான சந்து. குருணை மூட்டைகள் பாதியை அடைத்து, கதவுப் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருந்தன. முழுதாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. மூலையில் நின்று கையை நீட்டினால் கதவின் பிடி எட்டும். எத்தனையோ தடவை செய்த வேலை. மூட்டைமேல் சாய்ந்து பிடியை இழுத்தாள். கதவு உருண்டு வந்து, கடைசிச் சாண் தூரத்தில் நின்றது. ஏதோ தடுத்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

“அண்ணி,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “என் கால்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்போது சொல்வது போலச் சொன்னாள். மின்சாரம் நின்றிருக்கிறது என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பிடியை விட்டாள். முன்னால் ஓடி சுவிட்சை இறக்கி, தன் பூட்டைப் போட்டாள். குதிகாலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த நாத்தனார், கிரீஸ் படிந்த மூடியைக் கையில் பிடித்தபடி, சுவிட்சைப் பார்த்தாள். அதில் மஞ்சளுக்குப் பதிலாக அண்ணியின் பச்சைப் பூட்டு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மூடி கையிலிருந்து விழுந்து உருண்டு போனது.

வீட்டில் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கும்போது நாத்தனார்தான் பேச்சை எடுத்தாள். கால் வலிக்கவில்லை, கோபமும் இல்லை என்றாள். ஆனால் ஒன்று மட்டும் கேட்க வேண்டுமாம்.

“மறந்துட்டு போயிட்டேன்னுதானே நினைச்சீங்க?”

“ஆமா.”

“இன்னிக்கு நான் எதையும் மறக்கல, அண்ணி. இன்னிக்குன்னு பாத்து எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சேன்.”

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். “வேற யார் பூட்டாவது தொங்கியிருந்தா தேடியிருப்பேன்டி. ஆள் எங்கன்னு கேட்டிருப்பேன், குனிஞ்சு பாத்திருப்பேன். உன்னோடதா இருந்ததால பாக்கல. உன்னைத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே.”

வெங்காயத்தின் மேல் பழி போட்டு இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காலையில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடப் போவதாக அண்ணி சொன்னாள். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. நகலை உடைத்துப் போட்டால் தீர்ந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சொன்னால் செட்டர் வேலை போய்விடும் என்று மல்லுக்கட்டினாள். இன்னும் எத்தனை பேர் எத்தனை பேருக்கு நகல் கொடுத்திருக்கிறார்களோ என்று அண்ணி கேட்டதும் இறங்கி வந்தாள். அவளுக்கே இரண்டு ஜோடியைத் தெரியும். ஒன்று அப்பாவும் மகனும்.

சூப்பர்வைசர் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. அன்றைக்கே எல்லாப் பூட்டுகளும் மாறின, நகல் போட முடியாத சாவியோடு. அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பழையதை ஒப்படைத்தார்கள். அண்ணியைக் கொஞ்ச காலம் பேக்கிங்கில் போட்டார். அங்கே மூடிகளை எண்ணிக் கட்டும்போது, அண்ணியின் கை தானாக ஒவ்வொன்றின் விளிம்பையும் தடவிப் பார்த்து, அழுத்தம் குறைவு, சூடு அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள், அண்ணி பேயிடம் பேசுகிறாள் என்றார்கள்.

அவள் இடத்துக்கு வேறு ஷிப்டில் இருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச் இருந்ததால் அவர் பெயரே டார்ச் ஆகிவிட்டது. சுவிட்சை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தைச் சுற்றி வருவார், சந்துக்குள் நுழைந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். நாத்தனார் கண்ணெதிரே நின்றாலும் பார்ப்பார். அவள் வீட்டில் வந்து புலம்பினாள். அந்த ஆள் தன்னிடம் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை, ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்டதில்லை, தன்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

“தெரியவேண்டாம்,” என்றாள் அண்ணி.

அண்ணி மறுபடி செட்டராக வந்த நாள், புது அச்சு மாட்ட வேண்டியிருந்தது. மாட்டி முடித்தார்கள். நாத்தனார் தன் பூட்டைத் தானே எடுத்தாள், எடுத்ததை அண்ணியின் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். அண்ணி தன் பூட்டையும் எடுத்துவிட்டு, சுவிட்சைத் தொடாமல் நின்றாள்.

“உள்ள யாரு?” என்று குரல் கொடுத்தாள்.

“யாருமில்ல. நான் இங்கதானே நிக்கிறேன்.”

“நீ இங்க நிக்கிறது தெரியுது,” என்று சொல்லி, அண்ணி மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, சந்துக்குள் முழுதாக நுழைந்து, குனிந்து பார்த்தாள்.