ஏரிப் பக்கம் நகர்ந்த கம்பம்

எங்கள் ஆற்றின் நீளம் நாலே கிலோமீட்டர். இதற்கு ஆறு என்று பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலையடியில் ஊற்றாகக் கிளம்பி, இரண்டு பாலங்களைக் கடந்து, ஒரு மணி நேர நடையில் ஏரியில் போய் விழுந்துவிடும். மறுகரை தெரியாத அந்த ஏரிக்கு இது ஒரு சொட்டுதான், ஆனால் கோடையிலும் வற்றியதில்லை. அதை அளப்பது என் வேலை. முப்பது வருஷமாகக் காலை எட்டு மணிக்கு அளவுக்கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறேன்.

கம்பம் முதலில் மேல்பாலத்தடியில், ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் முட்டி வலி வந்து அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் அதைப் பிடுங்கி, ஏரியோரம் என் வீட்டுக்குப் பின்னால் நட்டுவிட்டேன். அதே ஆற்றுத் தண்ணீர்தானே, எங்கே அளந்தால் என்ன என்று நினைத்தேன். அப்படி நினைத்த மண்டையை எந்தச் சுவரில் மோதிக்கொள்வது?

ஊற்றடியில் என் தம்பி தொட்டிகளில் மீன்குஞ்சு வளர்த்தான். கம்பத்தைக் காணோமே என்று கேட்டவனிடம், மேலிடத்து உத்தரவு என்று சமாளித்திருந்தேன். ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அங்கே ஒரு குடிநீர் பாட்டில் கம்பெனி ஆழ்துளைக் கிணறுகள் போட்டது. ஊற்று குறைகிறது என்று தம்பி மனு மேல் மனு போட்டான். விசாரிக்க வந்தவர்கள் ஜீப் போகும் கீழ்ப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நிறைய இருந்தது. பிறகு என் நோட்டைக் கேட்டார்கள். பெருமையாக நீட்டினேன். மூன்று வருஷமாக ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. அண்ணன் கையெழுத்தையே காட்டித் தம்பியின் மனுவை மூடிவிட்டார்கள். சும்மா புலம்பாமல் வேலையைப் பார் என்று நானும் அவனுக்குப் புத்தி சொன்னேன்.

நேற்று ஊற்றின் கடைசிக் கசிவும் நின்று, குஞ்சுகள் ஒன்று விடாமல் செத்துப்போயின. தகவல் கேட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். கீழ்ப்பாலத்துக்கு அடியில் ஒரு காய்ந்த இலை ஏரிப் பக்கமிருந்து மேல்நோக்கி மிதந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே மூன்று கிலோமீட்டரும் வெறும் கல். பழைய கம்பம் நின்ற குழியில் எறும்பு ஊர்ந்தது. இத்தனை நாள் நான் அளந்தது ஆற்றுக்குள் ஏறி நின்ற ஏரித் தண்ணீரை. ஆறு எப்போது செத்தது என்று எனக்கே தெரியாது.

தம்பி செத்த குஞ்சுகளை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். முட்டி வலிக்காகக் கம்பத்தை நானே ஏரியோரம் மாற்றியதைச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தினமும் நானே பாத்துச் சொல்லியிருப்பேனே, அண்ணா."

மேல்பாலம் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான்.